ஊரில் இல்லாத கண்ணாடி

என் மூக்குக்கண்ணாடியை உடைத்தது பொம்மர் விமானம் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். உண்மையில் உடைத்தது என்னுடைய குதிக்கால். பொம்மர் குண்டு போட்டது எங்கோ அளவெட்டிப் பக்கம். நாங்கள் பண்டத்தரிப்பில், வீட்டுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவே வெட்டிவைத்திருந்த பங்கர் குழிக்குள் விழுந்தடித்து இறங்கினோம். இறங்கும்போது மகளின் முழங்கை என் முகத்தில் இடித்தது. கண்ணாடி கழன்று விழுந்தது. அதைத் தேடிக் காலை நகர்த்தியபோது காலடியில் ‘கறுக்’ என்றது. குண்டுச் சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குள் எந்தச் சாமானும் லேசில் வந்து சேராது. பாதை பூட்டு. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிக்கப் பழகியிருந்தோம். தடை செய்த பொருள்களில் மூக்குக்கண்ணாடியும் ஒன்றா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அது வரவில்லை. கணவர் உத்தியோகத்தால் கொழும்பில் அகப்பட்டுப்போயிருந்தார். அவருக்கு எழுதிப் போட்டேன். கடிதம் போய்ச் சேர்ந்து, அவர் கண்ணாடி செய்வித்து, கிளாலிக் கடல் தாண்டி வருகிற யாராவது ஒருவரின் கையில் அது எனக்கு வருவதற்குள் மகள் வளர்ந்து என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவாள் என்று பகிடியாகச் சொல்லுவேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

கண்ணாடி போடாதவர்களுக்கு இதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றும். ஆகவே கொஞ்சம் பாடம் நடத்தத்தான் வேண்டும். எனக்கு அது பழக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான்.

வெளியிலிருந்து வருகிற ஒளி கண்ணுக்குள் வளைந்து, பின்புறத்திலே உள்ள விழித்திரையில் சரியாகக் குவிய வேண்டும். சிலருக்குக் கண் முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டு போய்விடும். அவர்களுக்கு ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கிட்ட உள்ளது தெரியும், எட்ட உள்ளது கலங்கும். இது குறும்பார்வை. நடுவில் மெலிந்து ஓரம் தடித்த குழிவு வில்லையைக் கண்ணுக்கு முன்னால் வைத்தால், அது ஒளியைச் சற்று விரித்து உள்ளே அனுப்பும். குவியும் இடம் பின்னால் போய் விழித்திரையில் சரியாக விழும். மறுபக்கத்தில், கண் கட்டையாக இருப்பவர்களுக்கும் வயது போனவர்களுக்கும் ஒளி குவிவது போதாது. பேப்பரை எட்டப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் கை நீளம் போதாமல் போகும். அதைத்தான் வெள்ளெழுத்து என்பார்கள். அதற்கு நடு தடித்த குவிவு வில்லை வேண்டும். ஒன்று விரிப்பது, மற்றது குவிப்பது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. செய்யாதது மட்டுமல்ல, குழப்பத்தை இரட்டிப்பாக்கும்.

என் கண் குறும்பார்வைக் கண், அதுவும் கடுமையானது. போதாததற்கு இன்னொரு கோணலும் உண்டு. கண்ணின் முன்பக்கம் பந்து மாதிரி ஒரே சீராக வளையாமல் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் வளைந்திருந்தது. நெடுங்கோடு ஓரளவு தெரியும், கிடைக்கோடு கரையும். அதற்குப் போத்தலின் பக்கம்போல ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளை வில்லையும் சேர வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம் வரைதான் உலகம். அதற்கு அப்பால் எல்லாம் நிறங்கள்.

அந்த நிறங்களோடு பள்ளிக்கூடம் போனேன். கரும்பலகையில் எழுதுவேன், எழுதியதை நானே வாசிக்க முடியாது. பின் வாங்கிலிருந்து யாரோ சிரிப்பார்கள், யாரென்று தெரியாமல் வகுப்பு முழுவதையும் ஏசுவேன். சைக்கிளை வீட்டுப் பின்கோடியில் சாத்தி வைத்தேன். வானத்தில் இரைச்சல் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது, குண்டு போடப் பதிகிறதா என்று சொல்லுவார்கள். எனக்கு வானம் ஒரு வெறும் வெள்ளை. காதை மட்டும் வைத்துக்கொண்டு பயந்தேன். கண்ணும் சேர்ந்து பயந்தால் கொஞ்சம் குறையும் என்று அப்போதுதான் விளங்கியது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒரு பின்னேரம் நடந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் என் மகளின் வயதில் ஒரு பெண் பிள்ளை. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு எப்போதோ ஒரு சீத்தைத் துணி வந்தது, நீலத்தில் வெள்ளைப் பூ. அக்காதான் தையல். ஒரே துணியில் இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துப் போட்டார். இரண்டும் எங்கள் முற்றத்தில் சிரட்டை வைத்துச் சோறு கறி சமைத்துக்கொண்டிருந்தன. நான் விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முகத்துக்குக் கிட்டச் சுளகைப் பிடித்துக்கொண்டு கல் பொறுக்குவதில் மட்டும் என்னை யாரும் வெல்ல முடியாது. திடீரென்று இரைச்சல். பதிகிற இரைச்சல். சுளகை எறிந்துவிட்டு ஓடினேன். முற்றத்தில் ஒரு நீலம் நின்றது. அள்ளித் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தேன். குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தபோதுதான் மூக்கும் வாயும் தெரிந்தன. அது என் பிள்ளை அல்ல.

வெளியே வந்தபோது என் மகள் தென்னோலைக் கிடுகு வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். தாண்டும்போது என்னைக் கூப்பிட்டாளாம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அடுத்த முறையும் அப்படித்தான் நடக்கும், அடுத்த முறை குண்டு முற்றத்தில் விழும் என்ற நினைப்பை என்னால் துரத்த முடியவில்லை. மகளின் அந்தச் சட்டையைக் கழற்றி அலுமாரிக்குள் அடைத்தேன். மஞ்சள், சிவப்பு என்று கண்ணில் அடிக்கிற நிறங்களாகத் தேடிப் போட்டேன். அது போதாது என்பதும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா முதலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்ததும் அவருக்கே உரிய வாய் திரும்பி வந்துவிட்டது.

“என்ரை பிள்ளையை நீங்கள் காப்பாத்தினது போதும் ரீச்சர். இனி உங்கடையைத் தூக்குங்கோ. அதுக்கு முதல் ஒரு கண்ணாடியைத் தேடுவம்.”

அவருடைய சைக்கிளின் கரியரில் உட்கார்ந்து யாழ்ப்பாணப் பட்டணம் போனேன். கண்ணாடிக்கடைகளில் ஒன்றுதான் திறந்திருந்தது. கடைக்காரர் என் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“குழிவிலை உந்தப் பவர் இஞ்சை இல்லைப் பிள்ளை. கொழும்பாலை வந்தாத்தான் உண்டு. வெள்ளெழுத்துக்கு எண்டால் சொல்லுங்கோ, மேசை லாச்சி நிறைய இருக்கு.”

“எனக்கு வெள்ளெழுத்து வர இன்னும் பத்து வருசம் கிடக்கு,” என்றேன்.

“அப்ப பத்து வருசம் பொறுத்து வாருங்கோ,” என்றார். அவருக்கும் அலுப்பு. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை யாரில் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

திரும்பி வந்த அக்கா சும்மா இருக்கவில்லை. எனக்குச் சொல்லாமல் வீடு வீடாகப் போய், உபயோகமில்லாமல் கிடந்த மூக்குக்கண்ணாடிகளையெல்லாம் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் சேர்த்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். செத்தவர்களின் கண்ணாடிகளும் இருந்தன. ஊருக்கு எங்கள் குடும்பத்தின் மேல் இவ்வளவு பட்சம் இருந்தது எனக்குத் தெரியாது.

கண்ணாடியைப் போடாமலே அது எந்த இனம் என்று கண்டுபிடிக்கலாம். அச்செழுத்துக்கு மேலே பிடித்து மெதுவாகப் பக்கத்துக்கு அசைத்தால், குவிவு வில்லைக்குள்ளே எழுத்து பெருத்து எதிர்ப்பக்கம் ஓடும். குழிவு வில்லைக்குள்ளே எழுத்து சிறுத்து, கை போகும் பக்கமே கூடப் போகும். உருளை வில்லையைச் சுழற்றினால் நேர்கோடு சரிந்து காட்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தேன். எழுத்து பெருத்தது. எதிர்ப்பக்கம் ஓடியது. அடுத்ததிலும் அதே. பெட்டியின் அடி தெரியும் வரைக்கும் அதே.

அந்த நேரம் பார்த்து, கற்றராக்ட் என்கிற கண்புரை வெட்டிய ஒரு வயதான அப்பு பொல்லை ஊன்றிக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். ஒழுங்கையின் முடிவில் இருக்கிறவர். அவருடைய கண்ணாடி சோடாப் போத்தலின் அடி போலத் தடித்தது. அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“உந்தக் குப்பையளை விடும் பிள்ளை. இதைவிடப் பவர் இந்த ஊரிலை ஆரிட்டையும் இல்லை. போட்டுப் பாரும்.”

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பவர் கூடினால் பார்வை கூடும். எந்தப் பக்கத்துப் பவர் என்ற கேள்வியே கிடையாது. கண்ணுக்குள் இருந்த வில்லையை எடுத்துவிட்டவருக்கு அதற்கு ஈடாகக் கொடுத்த குவிவு வில்லை அது. என்னுடைய தேவைக்கு நேர் எதிரான திசையில் ஊரிலேயே மிகத் தூரம் போன கண்ணாடி. ஆனாலும் கழற்றிய நிமிடத்திலேயே அவர் குருடாகி, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். போட்டுப் பார்க்காமல் எப்படி விடுவது? போட்டேன். நிறங்கள்கூடப் போய்விட்டன.

“தெரியேல்லை அப்பு.”

“இதிலையும் தெரியேல்லையோ?” அவருக்கு மனம் நொந்துவிட்டது. “அப்ப உமக்குக் கண்ணிலை வேறை ஏதோ பெரிய வருத்தம்.”

அவர் போனபிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பெட்டியைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு கண்ணாடிகளிலும் ஒரு குழிவு வில்லை இல்லாதது தற்செயல் அல்ல. குறும்பார்வை பள்ளிக்கூட வயதில் வருவது. அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தவர்கள் ஊரில் இல்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் போட்டுக்கொண்டு போனார்கள். இயக்கத்துக்குப் போனவர்கள் போட்டுக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தது வெள்ளெழுத்துக் கண்ணாடியும் அதைப் போடுகிறவர்களும்தான். எங்கள் ஊர் கிழடாகிப்போனதை நான் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் கண்டேன்.

“ஒரு வீட்டிலை இருக்கு,” என்றார் அக்கா. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

எனக்கு அது முதலே தெரியும். கேட்கத்தான் துணிவில்லாமல் இருந்தது. என்னிடம் படித்த பையன் ஒருவனின் வீடு. பத்தாம் வகுப்பில் முன் வாங்கில் இருந்தும் கரும்பலகையைப் பிழையாகப் பார்த்து எழுதினான். கண்ணைச் சோதிக்கச் சொல்லித் தாயிடம் ஆள் அனுப்பியவள் நான்தான். கண்ணாடி வந்த கிழமை, ஒளிப் பாடத்துக்காக அதை வாங்கி நான் போட்டுப் பார்த்துவிட்டு, “அடேய், நானும் நீயும் ஒரே கண்ணடா” என்றிருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் சொற்ப வித்தியாசம்தான். உருளை வில்லை மட்டும் அவனுக்கு இல்லை. பிறகு, பாதை பூட்டுவதற்கு முன்பு, இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வரவில்லை. எந்த முகாமிலும் அவனுடைய பெயர் இல்லை என்றார்கள். கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது பிடித்ததால் கண்ணாடி வீட்டில் தங்கிவிட்டது.

அடுத்த நாள் காலமை மகளை அக்காவிடம் விட்டுவிட்டுத் தனியே போனேன். அந்தத் தாய் விறாந்தைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டார். நான் வந்த காரணம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது.

“தாறதுக்கு எனக்கு மனமில்லை ரீச்சர். குறை நினையாதேங்கோ. அவன் வந்தால் என்னத்தைப் போடுவான்?”

“நான் குறை நினைக்கேல்லை அக்கா,” என்றேன். உண்மையாகவே நினைக்கவில்லை. எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து மறுபடியும் இருத்தினார்.

“ஒண்டு கேக்கட்டே? உங்களுக்கும் அவனுக்கும் ஒரே பவர் எண்டு அவன் வந்து சொன்னவன். கண்ணாடி இல்லாட்டில் அவனுக்கு எவ்வளவு தூரம் தெரியும்?”

“கிட்ட எண்டால் தெரியும்,” என்றேன்.

“இதிலை இருந்து படலை தெரியுமோ?” அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “அவனைக் கூட்டிக்கொண்டு போகேக்கை, படலையடியிலை ஒருக்கால் திரும்பிப் பாத்தவன். நான் இந்தப் படியிலை நிண்டு கையைத் தூக்கிக் காட்டினனான். பயப்பிடாதை எண்டு. அவன் கண்டவனோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியோணும்.”

பிறகு உள்ளே போனார். லாச்சி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய பெனியன் துணியில் சுற்றிய கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். தூசு, கீறல் ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் துடைத்திருக்க வேண்டும்.

“படலைக்குப் போங்கோ. இதைப் போடாமல் நிண்டு, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.”

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். படலையடியில் திரும்பினேன். முன்னால் செம்மண் நிறம், அதற்கு மேலே விறாந்தையின் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு பெண் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்ததால் தெரிந்தது, பார்த்ததால் அல்ல.

“தெரியுதோ?” என்று குரல் வந்தது.

பெற்ற தாய் கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது? மகன் கடைசியாகத் தன்னைக் கண்டான் என்ற ஆறுதல்தானே அவருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

“ஓம் அக்கா, தெரியுது,” என்று கத்தினேன். “கை காட்டுறியள்.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டேன். உருளை வில்லை இல்லாததால் கிடுகுக் கூரையின் விளிம்பு சற்றே இரட்டித்தது. மற்றப்படி எல்லாம் வந்து நின்றன. மாமரம், கிணற்றுக்கட்டு, விறாந்தைப் படி. படியில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கோத்திருந்தன.

திரும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். நாணிப்போனேன்.

“நான் கையைத் தூக்கேல்லை ரீச்சர்,” என்றார்.

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை அக்கா. சும்மா சொன்னனான்.”

“அவனுக்கும் தெரிஞ்சிராதோ?”

“தெரிஞ்சிராது.”

அவர் படியிலிருந்து படலையைப் பார்த்தார். “அவன் அச்சுவேலியிலை தமக்கை வீட்டிலை பத்திரமாய் நிண்டவன். நான்தான் பாக்க ஆசையாயிருக்கு எண்டு ஆள் விட்டுக் கூப்பிட்டனான். வந்த மற்ற நாள் பிடிச்சிட்டாங்கள். நான் கை காட்ட அவன் தலைகூட ஆட்டாமல் திரும்பிப் போனவன். என்னிலை கோவத்திலைதான் போறான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.” மூச்சு வாங்கினார். “அப்ப கோவிக்கேல்லை. என்னைக் காணேல்லை.”

அதைச் சொல்லிவிட்டு, முகத்தை மூடாமல், என்னைப் பார்த்தபடியே அழுதார். கோபமில்லை என்ற நிம்மதியும் காணவில்லை என்ற துக்கமும் ஒரே முகத்தில் வந்தன. இதில் எதற்கு ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதே பெரிய பாவமாகப் பட்டது. கழற்றப் போனேன். அவர் விடவில்லை.

“போட்டுக்கொண்டு போங்கோ. அவன் வந்தால் திருப்பித் தாங்கோ. அதுவரைக்கும் உங்கடை பிள்ளையைப் பிழை விடாமல் தூக்குங்கோ.”

நடந்தேன். படலையைச் சாத்துகிறபோது திரும்பிப் பார்த்தேன். அவர் படியில் எழும்பி நின்று, வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.